இருட்டோடு கிளம்பும் ஞாயிறு

ஈஸ்டர் அன்று ஆம்பூரில் லுத்தரன் சபையார் வீட்டில் விளக்கெரிவது விடியலுக்கு வெகுமுன்பே. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை பதில் சொல்லும்போது வெளியே இன்னும் கிழக்கு வெளுத்திருக்காது. மற்ற ஞாயிறுகளில் இரண்டாம் பாட்டுக்கு வந்து சேர்கிறவர்கள்கூட அன்று முன்வரிசையில்! இவர்களை இப்படி எழுப்பிவிட்டது யார்?

சுவிசேஷம்தான் முதல் காரணம். மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனது இருட்டு விலகுமுன் என்கிறார் யோவான். ஆனால் அந்த நடையைத் தாங்களும் நடந்து பார்க்கலாமென்று கிளம்பியவர்கள் ஜெர்மனியின் சாக்சனியில், ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரின் மொராவிய சபை இளைஞர்கள். 1732-இல் ஈஸ்டர் விடியலில் அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். பெரிய சங்கமும் கூடவில்லை, ஆணையும் பிறக்கவில்லை. மறுவருஷம் ஊரே பின்னால் வந்தது. அந்தத் தோட்டத்தில் பிரபு குடும்பத்தைத் தவிர மற்ற எல்லாருக்கும் பொதுவாக எளிய கல்தான் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அந்த மொராவியருக்குப் புகலிடம் தந்த பிரபு சின்சென்டார்ஃப். ஹாலேயில் மாணவனாக இருந்தபோது, தரங்கம்பாடியிலிருந்து விடுப்பில் வந்திருந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவைச் சந்தித்தவர். 1760-இல் மொராவியரே தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள்.

ஆம்பூருக்கு லுத்தரன் சபை வந்தது வேறு பாதையில். 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அமெரிக்க மிசூரி மிஷன் அது. அந்த மிசூரி சபையை வேரூன்றச் செய்தவர்களில் பலர் 1838-இல் கப்பலேறிப் போன சாக்சனிக்காரர்கள். சுற்றிச் சுற்றி அதே மண்!

வேலூர் கத்தோலிக்கருக்கு விழிப்பு முந்தின ராத்திரியே. புதுத் தீ மந்திரித்து, அதில் பாஸ்கா திரியை ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். பழமையான சடங்குதான். ஆனால் நூற்றாண்டுகளாக அதைச் சனிக்கிழமை பட்டப்பகலிலேயே முடித்துக்கொண்டிருந்தார்கள், வெயிலில் மெழுகுதிரி! 1951-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மீண்டும் ராத்திரிக்கு அனுப்பினார். மறுவருஷம் வேலூர் மறைமாவட்டம் பிறந்தது. ஆக, வேலூர் மறைமாவட்டமும் இன்றைய இரவுத் திருவிழிப்பும் ஏறக்குறைய ஒரே வயது.

ஆம்பூரில் ஈஸ்டர் முயலும் வண்ண முட்டையும் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியோடு சரி. மதியம் சீரகச்சம்பா பிரியாணி, அண்டை வீட்டு பாய்க்கும் ஒரு பாத்திரம்.

மார்ச் 21-இலோ அதன் பிறகோ வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு: ஈஸ்டர் கணக்கு இது. பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்துக்குள் என்பதால், பெரும்பாலும் அந்த அதிகாலையில் தேய்பிறை நிலா வானில் இருக்கும். மேகமில்லாவிட்டால், கோயிலுக்கு நடக்கையில் டார்ச் தேவைப்படாது.