ஓமத் தண்ணியும் கால் கிலோ ஓமமும்

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "பாட்டி குடுத்த ஓமத் தண்ணி வயித்துப் புழுவைக் கொல்லும்னு வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்." பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனேன்.

ஓமத்தை வாலையில் வடித்தால் அதன் எடையில் 2 முதல் 4 சதவீதம் எண்ணெய் கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதி தைமால். மிச்சம் பெரும்பாலும் பாரா-சைமீனும் காமா-டெர்பினீனும். எண்ணெயைக் குளிரவைத்தால் தைமால் படிகமாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் 'ஓம உப்பு' என்று கொடுப்பார்கள்.

1880 வாக்கில் இத்தாலிய மருத்துவர் கமில்லோ பொட்சோலோ கொக்கிப்புழுவுக்குத் தைமாலைக் கொடுத்தார். ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் காட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டியவர்கள் இந்தப் புழுவால் ரத்தசோகையில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு 1909 முதல் 1914 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்பெல்லர் ஆணையமும் இதே மருந்தைத்தான் கொடுத்தது. ஓமம் இங்கிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே தைமால் ஆனது. 1914-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டு விலை ஏறியது. மருத்துவர்கள் செனோபோடியம் எண்ணெய் பக்கம் போனார்கள்.

சரி, ஓமத் தண்ணி? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர் ஒருவருக்கு அன்று கொடுத்த அளவு சுமார் 4 கிராம் தைமால். 100 கிராம் ஓமத்தில் தேறுவது ஒன்றரை கிராம். அப்படியென்றால் ஒரு வேளை மருந்துக்குக் கால் கிலோவுக்கு மேல் ஓமம் வேண்டும்! நாம் கொதிக்கவைப்பது ஒரு ஸ்பூன். வாயுவுக்கு இதமாக இருக்கலாம், கொக்கிப்புழு அசையாது.

ஓம உப்பை அப்படியே விழுங்கிடலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தைமால் தண்ணீரில் லேசில் கரையாது; எண்ணெயிலும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். கரைந்தால் குடலில் நிற்காமல் ரத்தத்தில் ஏறி ஆளையே சாய்க்கும். அதனால்தான் முன்னும் பின்னும் பேதி உப்பு கொடுத்து, எண்ணெயும் சாராயமும் கூடவே கூடாது என்று கண்டித்தார்கள்.

1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கே லயங்களில் இருந்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போன கூலிகள். கொக்கிப்புழுவின் குஞ்சு, மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். கக்கூசும் செருப்பும் இல்லாதவனுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் புழு திரும்ப வரும்.

குழுவில் இதையெல்லாம் எழுதவில்லை. "ஓமத் தண்ணி குடிங்க, பிள்ளைங்களுக்குச் செருப்பும் வாங்கிக் குடுங்க" என்று மட்டும் போட்டேன்.