மண்மேடுகளை எழுப்பியவர் யார்?

அமெரிக்க நாட்டில் மிசிசிப்பி, ஒகையோ ஆறுகள் பாயும் நிலப்பரப்பில், மனிதக் கைகள் எழுப்பிய மண்மேடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றை எழுப்பிய மக்களின் பெருமை மறைக்கப்பட்டதும், பின்னர் சான்றுகளால் நிலைநாட்டப்பட்டதும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறாகும்.

செயிண்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, ஆற்றின் கீழ்க்கரைப் பக்கம், கஹோக்கியா என்னும் பழம்பதி இருந்தது. கி.பி. 1100ஆம் ஆண்டையொட்டி அங்கு 10,000 முதல் 20,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கணிக்கின்றனர். அந்நகரில் ஏறத்தாழ 120 மேடுகள் இருந்தன. அவற்றுள் பெரியது 100 அடி உயரமுடையது. அதன் அடிப்பரப்பு சுமார் 14 ஏக்கர். அதில் அடங்கிய மண் ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் கன அடி. பாரம் இழுக்கும் மாடோ குதிரையோ, சக்கர வண்டியோ அவர்களிடம் இல்லை. அத்தனை மண்ணையும் மனிதர்கள் கூடைகளில் சுமந்தே குவித்தனர். அதன் உச்சியில் மரத்தாலான பெருங்கட்டடம் ஒன்று நின்றது.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது ஒகையோ பகுதியின் ஹோப்வெல் பண்பாடு. நியூவார்க் என்னுமிடத்தில் சுமார் 50 ஏக்கரை வளைத்து எண்கோண வடிவில் மண்சுவர்கள் அமைத்தனர். 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திரன் அடிவானின் வடகோடியில் உதிக்கும் திசையை நோக்கி அதன் அச்சு அமைந்துள்ளது. தலைமுறைதோறும் வானை நோக்கிக் கணக்கிட்டோர்க்கன்றி இது கைகூடாது. காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகத் தகட்டில் அவர்கள் வெட்டிய நீண்ட விரல்களையுடைய கை வடிவம், அவர்தம் கலைத்திறனுக்குச் சான்றாகும்.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளையருள் பலர், இவற்றை அமெரிக்கப் பழங்குடியினர் கட்டியிருக்க இயலாது என்றனர். மறைந்துபோன வேறோர் இனத்தாரே கட்டினர் என்று கதை புனைந்தனர். 1830ஆம் ஆண்டு பழங்குடியினரை அவர்தம் நிலத்தைவிட்டு மேற்கே அகற்றும் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய உரையிலும் அக்கதை இடம்பெற்றது. முன்னோர் எழுப்பிய சின்னம் பிறருடையது என்றாகிவிட்டால், அம்மண்ணின்மீது உள்ள உரிமையும் பிறருடையதாகிவிடும் அன்றோ! செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்த பெருமேடு 1869இல் முற்றிலும் அழிக்கப்பட்டு, அதன் மண் இருப்புப்பாதைக்கு நிரப்பப்பட்டது.

இக்கதையைத் தகர்த்தவர் சைரஸ் தாமஸ் என்னும் ஆய்வாளர். தொடக்கத்தில் அவரும் அக்கதையை நம்பியவரே. ஆயினும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட மேடுகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். சில மேடுகளுள் ஐரோப்பியப் பொருள்களே கிடைத்தன. ஆகவே அவை ஐரோப்பியர் வந்த பின்னரும் எழுப்பப்பட்டவை எனத் தெளிவாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற ஸ்பானியரும் மேடுகளின்மீது பழங்குடித் தலைவர்கள் வாழ்ந்ததை எழுதி வைத்திருந்தனர். இவற்றையெல்லாம் சீர்தூக்கி, இன்றுள்ள பழங்குடியினரின் முன்னோரே மேடுகளை எழுப்பினர் என்று 1894இல் வெளிவந்த அறிக்கையில் அவர் மெய்ப்பித்தார்.

கஹோக்கியா 1982இலும், ஹோப்வெல் மண்கட்டுமானங்கள் 2023இலும் உலக மரபுச் சின்னங்களாயின. செயிண்ட் லூயிஸில் எஞ்சிய மேட்டின் ஒரு பகுதியை ஓசேஜ் பழங்குடியினர் 2009இல் விலை கொடுத்து வாங்கினர். முன்னோரின் மண்ணைப் பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று!

இளைஞர்களே! எந்தப் பழஞ்சின்னத்தைக் கண்டாலும், அதைக் கட்டியவர் யார், அதற்குச் சான்று யாது என்று கேளுங்கள். தாம் நம்பிய கதையைச் சான்று கண்டு கைவிட்ட தாமஸின் நேர்மையும் உங்கள்பால் வளர்வதாக.