பிள்ளையும் பிள்ளையாரும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகிற சாலையில், கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில், பிள்ளையார்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி வந்தபிறகு பஸ்ஸிலிருந்து அங்கே இறங்குகிறவர்கள் அதிகம். நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு இறங்குகிறவருக்கு ஊரின் பெயரைப் பிரித்துப் பார்க்க அவகாசம் ஏது? பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

பிள்ளை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதது, பிள்ளை தூங்குகிறது என்கிறோம். அஃறிணை முடிவு. தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை எல்லாம் அந்த வரிசைதான். தொல்காப்பியத்து மரபியலில் பார்த்தால் பிள்ளை என்பது பறவைக் குஞ்சுக்கு உரிய பெயர்களில் ஒன்று! இந்தக் குஞ்சோடு ‘ஆர்’ என்று ஒரே ஒரு வாலை ஒட்டுகிறோம். பிள்ளை வந்தது என்றிருந்தது, பிள்ளையார் வந்தார் என்று ஆகிவிடுகிறது. அஃறிணை முடிவு கொண்ட சொல் உயர்திணையாகி, பன்மையாகி, மரியாதையாகி, தெய்வமும் ஆகிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் ராஜகுமாரர்களும் பிள்ளையார்தான். ஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளையார். இத்தனையும் ஓர் ஈறு செய்த காரியம்.

ஈற்றைப் பற்றி எனக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் ஜெர்மன் பாஷை. இப்போதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு என்றும் நர்ஸ் வேலைக்கு என்றும் ஜெர்மன் படிக்கிறார்கள். படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே முகம் வாடிவிடுகிறது. அந்தப் பாஷையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. ஆண்பாலுக்கு முன்னால் ‘டெர்’, பெண்பாலுக்கு ‘டீ’, இரண்டும் இல்லாததற்கு ‘டாஸ்’ என்று போட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அலி. ஏன் என்று கேட்டால் வாத்தியாருக்கும் தெரியாது. மனப்பாடம் செய் என்பார்.

இரக்கமுள்ள வாத்தியாராக இருந்தால் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுப்பார். சொல்லின் தலையைப் பார்க்காதே, வாலைப் பார். ‘உங்’ என்று முடிந்தால் பெண்பால். பத்திரிகையைக் குறிக்கும் ‘ட்ஸைட்டுங்’ பெண், குடியிருக்கும் வீடான ‘வோனுங்’ பெண். ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிகிற குணப் பெயர்களும் பெண்தான். ஆகவே சுதந்திரமும் நட்பும் பெண்கள். ‘லிங்’ என்று முடிந்தால் ஆண். தொழில் பழகுகிறவள் இளம் பெண்ணாகவே இருந்தாலும் ‘லேர்லிங்’ என்ற சொல் ஆண். சின்னது, செல்லமானது என்று காட்டும் ‘ஷென்’, ‘லைன்’ இரண்டும் இரண்டுங்கெட்டான் பால். ‘எர்’ என்று முடிகிற ஈற்றை மட்டும் நம்ப முடியாது. சொல்லிக் கொடுக்கிற ‘லேரர்’ ஆண். ஆனால் தாய்க்குப் பெயர் ‘முட்டர்’. அவளை ஆண் என்று சொல்ல ஜெர்மானியனுக்கும் மனம் வராது. ஜன்னலான ‘ஃபென்ஸ்டர்’ அலி.

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களில் மிகவும் பரிதாபத்துக்கு உரியவள் இளம் பெண். அவளுக்குச் சொல் ‘மேட்ஷென்’. கடைசியில் ‘ஷென்’ இருக்கிறதல்லவா? ஆகவே பெண்ணே பெண்பால் அல்ல! முள்கரண்டிக்குக் கிடைத்த பெண்மை அவளுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1880-இல் வெளியிட்ட யாத்திரைப் புத்தகத்தின் அனுபந்தத்தில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்.

நாமும் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் அடக்கிக்கொண்டு சிரிப்பது நல்லது. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’, ‘அக்கா சொல்லிச்சு’ என்று அன்பாகத்தானே பேசுகிறார்கள்? அங்கே அக்காளுக்கு நேர்ந்ததும் ‘மேட்ஷெ’னுக்கு நேர்ந்ததும் ஒன்றுதான். சிறிசு, செல்லம் என்றால் அதற்குப் பால் இல்லை என்று இரண்டு பாஷைகளும் தனித்தனியே முடிவு செய்திருக்கின்றன.

வாலைப் பார்த்துப் பாலைச் சொல்கிற வித்தை பாகூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. பிள்ளையார்குப்பத்திலிருந்து பாகூர் கூப்பிடு தூரந்தான். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவனின் 8-ஆவது ஆட்சியாண்டில், அந்த ஊரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. செப்பேட்டில் வடமொழியும் உண்டு, தமிழும் உண்டு. வித்யாஸ்தானம் என்றால் அங்கே வியாகரணம் இருந்தே தீரும். வியாகரணம் இருந்தால் லிங்கத் தொல்லையும் இருந்தே தீரும். ஏனென்றால் வடமொழியும் ஜெர்மனும் தூரத்து உறவு. ஒரே குடும்பத்துச் சொத்தில் இந்தத் தொல்லையும் இரண்டுக்கும் பாகமாக வந்திருக்கிறது.

மனைவி என்ற பொருளுக்கு வடமொழியில் ‘பார்யா’ என்றால் பெண்பால். ‘களத்ரம்’ என்றால் நபும்சகம். ‘தாரா’ என்றால் ஆண்பால், அதிலும் பன்மை! வீட்டில் இருப்பது ஒரே அம்மாள்தான். இதைச் சமாளிக்க வழி வேண்டாமா? அமரசிம்மன் தம் நிகண்டுக்கு வைத்த பெயரிலேயே லிங்கம் இருக்கிறது. நாமலிங்கானுசாசனம் என்று பெயர். நாம் அமரகோசம் என்கிறோம். அதன் கடைசிப் பகுதியில் எந்த ஈறு வந்தால் எந்த லிங்கம் என்று தொகுத்தே கொடுத்திருக்கிறார். சக்தி, பக்தி, கதி என்று ‘தி’ விகுதி பெற்றவை பெண்பால். ஆசனம், போஜனம், கமனம் என்பவை நபும்சகம். தியாகம், பாகம், யோகம் என்பவை ஆண்பால். இன்றைக்கு ஜெர்மன் வகுப்பில் ‘உங் வந்தால் டீ’ என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்களே, அதே பாடந்தான். இந்தச் சொற்களெல்லாம் தமிழுக்குள் வந்தபோது வாசலிலேயே லிங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தன. தியாகமும் ஆசனமும் பக்தியும் நமக்கு ஒரே அஃறிணை.

தமிழில் ஈற்றுக்கணக்கு இல்லையா என்றால், உண்டு, மிகப் பழையது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கி, திணை இரண்டு, பால் ஐந்து என்று வகுத்தவுடனே ஈறுகளுக்கு வந்துவிடுகிறார். ன் என்று முடிந்தால் ஆண், ள் என்றால் பெண், ர் என்றால் பலர். து, று, டு என்றால் அஃறிணையில் ஒன்று. அ, ஆ, வ என்றால் பல. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. ஆனால் இது வினைக்கும் அவன், அவள் போன்ற சொற்களுக்கும் வைத்த கணக்கு. இதை எடுத்துக்கொண்டு ஜெர்மன் முறையில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஓட்டினால் மீன் ஆணாகிவிடும், தோளும் வாளும் பெண்ணாகிவிடும், தேர் ஒன்றே பலராகிவிடும். தமிழன் அப்படிச் செய்வதில்லை. முதலில் ஆளைப் பார்க்கிறான். மனிதனா, மற்றதா? மனிதனானால் ஆணா, பெண்ணா? பார்த்துவிட்டு ஈற்றைப் போடுகிறான். ஜெர்மானியனுக்கு ஈறு முன்னால், பால் பின்னால். நமக்குப் பால் முன்னால், ஈறு பின்னால். தெய்வத்துக்கும் பேடிக்கும் மட்டும் சொந்த ஈறு கிடையாது. மற்றவர்களுடைய ஈற்றைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார் தொல்காப்பியர். நம் பிள்ளையாரும் பலர்பால் ஈற்றைக் கடன் வாங்கியவர்தானே!

ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இந்தத் தமிழைக் கற்க வந்து உட்கார்ந்ததும் நடந்திருக்கிறது. டென்மார்க் அரசன் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். வயது 24 முடியப்போகிற சமயம். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு மணலில் விரலால் எழுதி அகரம் பழகினார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரத்து அனாதை இல்ல அச்சகத்தில் அச்சாயிற்று. லத்தீனுக்கும் மூன்று பால். மேஜை, நாற்காலிக்கெல்லாம் பால் வைத்திருந்த இரண்டு பாஷைகளில் வளர்ந்தவர், அப்படி எதுவும் வைக்காத பாஷைக்கு இலக்கணம் எழுதினார். மூன்று வருஷத்துக்குள், 1719-இல், 36 வயதிலேயே இறந்துபோனார். பிறகு வந்த வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் செய்தார். கத்தோலிக்கரான அவருடைய புத்தகத்தை 1738-இல் அச்சிட்டுக் கொடுத்தது தரங்கம்பாடிப் பிராட்டஸ்டண்டுகளின் அச்சகம். மதத்தில் சண்டை, இலக்கணத்தில் சமாதானம்.

இந்த வெள்ளைக்காரப் பண்டிதர்களில் கால்டுவெல் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1856-இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் உயர்திணையை ‘உயர்ந்த ஜாதிப் பெயர்’ என்றும் அஃறிணையை ‘ஜாதியற்ற பெயர்’ என்றும் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டார். திணை என்ற சொல்லுக்குக் குலம் என்றும் ஒரு பொருள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இலக்கணத்தில் உயர்திணை என்றால் மக்கள், அவ்வளவுதான். அரசனும் உயர்திணை, அவன் வயலில் நாற்று நடுகிறவளும் உயர்திணை. வந்தான், வந்தாள் என்பதற்கு மேல் இலக்கணம் எதையும் கேட்கவில்லை.

கேட்டது ஊர். ஒருவனுக்கு ‘அன்’, இன்னொருவருக்கு ‘ஆர்’ என்று ஈற்றை நிறுத்துப் போட்டது ஊர்தான். பலரைக் குறிக்கவிருந்த ர் ஈறு, ஒரே ஆளின் அந்தஸ்தைச் சொல்லப் போயிற்று. ஒருவரைப் பலராக்கி மரியாதை செய்வது நம் வழக்கம் மட்டுமல்ல. ஜெர்மானியரின் ‘ஸீ’யும் பிரெஞ்சுக்காரரின் ‘வூ’வும் பன்மைதான். ஆனால் அவர்கள் முன்பின் தெரியாத யாருக்கும் அதைக் கொடுப்பார்கள். நம்மிடத்தில் அறுபது வயது ஆளை ஆறு வயதுச் சிறுவன் ‘வாடா’ என்று கூப்பிட்ட காலம் இருந்தது. ஜாதிப் பெயர்களையும் வாலாக ஒட்டிக்கொண்டோம். பறவைக் குஞ்சாக இருந்த பிள்ளை அப்படித்தான் ஒரு பட்டமும் ஆயிற்று.

பிரெஞ்சுப் புதுச்சேரியில் இந்த வால் சமாசாரம் ஒரு திருப்பம் கண்டது. பிரெஞ்சிலும் ஈற்றுக்கணக்கு உண்டு. ‘சியோன்’ என்று முடிந்தால் அநேகமாகப் பெண், ‘ஆஜ்’ என்றால் அநேகமாக ஆண். காவல் நிற்கும் சிப்பாய்க்குச் சொல் ‘சான்த்தினெல்’. ஈறு ‘எல்’ என்பதால் பெண்பால். மீசை முறுக்கிய சொல்தாவும் காவலுக்கு நின்றால் இலக்கணத்தில் பெண்தான்! அந்தப் பட்டணத்தில் பொன்னுத்தம்பி பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டு, விடாமல் பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தவர். 1881 செப்டம்பரில், தங்கள் ஜாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்று ஓர் ஆணை வந்தது. ஏற்பவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றவர்களுக்கு முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி. ‘பிள்ளை’யை விட்டார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘லாபோர்த்’. வாசற்கதவு என்று அர்த்தம்.

‘போர்த்’ பிரெஞ்சில் பெண்பால். முன்னாலிருக்கும் ‘லா’ அதற்கு அடையாளம். ஓர் ஆண்பிள்ளை, அதுவும் கோர்ட்டையே எதிர்த்து நின்றவர், பெண்பால் சொல்லை ஆயுள் முழுவதும் பெயராகத் தாங்கினார். பிரெஞ்சுக்காரன் எவனும் அதில் குறை காணவில்லை. அவனுக்கு அது வெறும் ஈறு. விட்டுவிட்ட ‘பிள்ளை’யைத்தான் நம்மவர்களால் மறக்க முடியவில்லை. இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் ‘பொன்னுத்தம்பி பிள்ளை’ என்று தலைப்புப் போட்டுவிட்டுத்தான் லாபோர்த்துக்கு வருகிறார்கள்.