ஜப்பானில் கல்யாணராமன் (திரைப்படம்)

ஜப்பானில் கல்யாணராமன், 1985 நவம்பர் 11 அன்று தீபாவளி வெளியீடாக வந்த தமிழ்ப் படம். 1979-இல் வெற்றிபெற்ற ‘கல்யாணராமன்’ படத்தின் தொடர்ச்சி. இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் தமிழில் ஏறக்குறைய இல்லாத காலத்தில் துணிந்து எடுக்கப்பட்டது. முதல் படம் பெற்ற வெற்றியை இது எட்டவில்லை.

ஜி. என். ரங்கராஜன் இயக்கிய ‘கல்யாணராமன்’ படத்தில் கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். எஸ்டேட் முதலாளியின் மகன் கல்யாணம் பல் துருத்திய வெகுளி. செண்பகத்தை (ஸ்ரீதேவி) உயிராய் நேசிப்பவன். சொத்துக்காக அவனைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். ஆசை அடங்காத ஆவி, சென்னையில் வளர்ந்த இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடிப் போய், அவன் உடம்பில் புகுந்து கணக்குத் தீர்க்கிறது. சூட்டிகையான ராமன் ஆவி புகுந்ததும் அசட்டுச் சிரிப்போடு கல்யாணமாகிவிடுவான். படத்தின் உயிரே அங்குதான். சிரிக்கவைத்த அதே பல், அவன் செத்த பிறகு பார்ப்பவரைக் கலங்கவும் வைத்தது. பேய் என்றாலே பயமுறுத்த வேண்டும் என்ற வழக்கத்தை மீறிய படம் அது.

தொடர்ச்சியை எஸ். பி. முத்துராமன் இயக்கினார். முதல் படத்தின் கதாசிரியர் பஞ்சு அருணாசலமும் இசையமைப்பாளர் இளையராஜாவும் இதிலும் தொடர்ந்தனர். கமலுக்கு நாயகி ராதா; சத்யராஜ், கவுண்டமணி, கோவை சரளா ஆகியோரும் நடித்தனர். ஸ்ரீதேவி அதற்குள் இந்தியில் உச்சத்துக்குப் போயிருந்தார். பழி தீர்ந்து, காதலும் முடிந்த ஆவிக்கு மறுபடி பூமிக்கு வர வலுவான காரணம் தேவை. கதையில் அது அமையவில்லை. கல்யாணத்தின் ஏக்கம் போய்விட்டது, அவனுடைய சேட்டை மட்டும் மிஞ்சியது.

ஏக்கம் இருந்த இடத்தில் ஜப்பான் வந்து உட்கார்ந்தது. சுகுபா நகரில் 1985 மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த உலகக் கண்காட்சியில் படப்பிடிப்பு நடத்தினார்கள். இதற்கு முன்னோடி உண்டு: எம்.ஜி.ஆர். 1970-இல் ஒசாகா கண்காட்சியில் படமெடுத்து, அதை ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) படத்தில் காட்டி வெற்றி கண்டார். பஞ்சு அருணாசலம், முத்துராமன் கூட்டணியே ‘ப்ரியா’வில் (1978) சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டியிருந்தது. ஆனால் அவை பயணத்தை நம்பிய கதைகள். செண்பகத்துக்காக எஸ்டேட்டையே சுற்றிவந்த ஆவிக்குக் கண்காட்சிக் கூடத்தில் என்ன வேலை?

போட்டியும் கடுமை. ரஜினிகாந்தின் ‘படிக்காதவன்’, பாக்யராஜின் ‘சின்ன வீடு’, பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ மூன்றும் அதே நாளில் வந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களே இருந்த ஊர்க்காரர்களும் எதை முதலில் பார்ப்பது என்று யோசிக்க வேண்டியிருந்த தீபாவளி அது. ‘படிக்காதவன்’ பெரும் வெற்றி பெற்றது. ‘சிந்து பைரவி’ சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது.

கமல் நடித்த இரண்டாம் பாகங்களில் பின்னாளில் வந்த ‘விஸ்வரூபம் 2’ (2018), ‘இந்தியன் 2’ (2024) ஆகியவையும் முதல் பாகத்தின் பெயரைக் காப்பாற்றவில்லை.