பல்லாவரம் கல்லும் நீலகிரித் தேயிலையும்

சென்னையை அடுத்த பீர்க்கன்கரணையில் வீட்டுக்குக் கடக்கால் தோண்டினால் செம்மண் வரும், சரளை வரும், அதற்கும் கீழே கருங்கல். தாம்பரம், வண்டலூர், பல்லாவரம் எல்லாம் இதே பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்கள்தான்.

இந்தக் கல்லுக்குப் பெயர் வைத்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கால்பதித்த ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை பரங்கிமலைப் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதை நில இயலாளர் டி.எச். ஹாலண்ட் கவனித்தார். 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். வெட்டி அனுப்பிய ஊரை விட்டுவிட்டு, அடியில் கிடந்தவரின் பெயரை வைத்துவிட்டார்கள்!

நீலகிரி மலையும் சார்னோகைட்தான். ஆனால் அங்கே தேயிலை விளையும் மண்ணின் அமில அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை; 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். இங்கே செம்மண் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே நிற்கிறது. கல் ஒன்று, மண் இரண்டு. காரணம் மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அடித்துப் போகிறது. நீலகிரியில் இரண்டு பருவமழையும் குளிரும் சேர்ந்து அந்த வேலை நிற்காமல் நடக்கிறது. இலைமட்கும் தன் பங்குக்கு அமிலம் சேர்க்கிறது. சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு, மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில் காய்கிறது. கரைந்த உப்பு முழுதாக வெளியேற வழியில்லை.

அதற்காகக் கல்லை ஒதுக்கிவிட முடியாது. சிலிக்கா நிறைந்த வெளிர்ப்பாறை மணற்பாங்கான மண்ணைத் தரும். அதில் காரச்சத்து குறைவு, அமிலம் சீக்கிரம் ஏறும். இரும்பும் மெக்னீசியமும் மிகுந்த கரும்பாறை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டு வகையும் பல்லாவரத்திலேயே உண்டு. மண் கழுவப்பட்டதற்கும் அங்கேயே அடையாளம் உண்டு: 1863 மே 30-இல் நில இயலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தது செம்பூரான் சரளைக் குழியில். சத்தெல்லாம் கழுவப்பட்டு இரும்பு மிஞ்சிய மண் அது.

மேட்டில் இழந்தது பள்ளத்தில் சேரும். ஏரி வண்டலை வண்டியில் அள்ளி வந்து வயலில் கொட்டிய உழவர்களுக்கு அமில அளவுகோல் தேவைப்படவில்லை; அந்த அளவுகோலே 1909-இல்தான் டென்மார்க்கில் பிறந்தது. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி அதற்குள், 1906-இலேயே, கோயம்புத்தூருக்குப் போய்விட்டிருந்தது.

இப்போது பீர்க்கன்கரணையில் வீட்டு மண்ணைத் தீர்மானிப்பது பாறையைவிடக் கொத்தனார்தான். சுவரோரம் விழுந்த சிமென்ட்டும் சுண்ணாம்பும் காரத்தை ஏற்றிவிடுகின்றன. அங்கே நட்ட இட்லிப்பூச் செடியின் குருத்திலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுக்கும். இரும்புச்சத்துக் குறை. காலடியில் இரும்பால் சிவந்த மண் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை.