விழுந்த மரமும் ராஜ்கோட் தீர்ப்பின் எல்லையும்

சாலையோர மரம் சாய்ந்து, நிறுத்தியிருந்த கார் நசுங்கினால் மாநகராட்சியிடம் இழப்பீடு கோர இயலாது என்பது தீங்கியல் சட்ட விளக்கங்களில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் வழங்கிய தீர்ப்பே இதற்கு ஆதாரம். அத்தீர்ப்பு இவ்வளவு தூரம் செல்லவில்லை என்பது என் வாதம்.

1975இல் அலுவலகத்துக்கு நடந்து சென்றவர்மீது மரம் விழுந்து அவர் இறந்தார். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அளித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே மாநகராட்சிமீது சுமத்தப்பட்ட குறை என்ன என்பதை விளக்கவுரையாளர்கள் கவனிப்பதில்லை. மரத்தை முறையாகப் பராமரித்துப் பார்வையிடவில்லை என்பதே அக்குறை, அதாவது, செய்யாமை. சட்டம் விதித்த பராமரிப்புக் கடமையிலிருந்து மட்டும் தனிமனிதருக்கு இழப்பீட்டு உரிமை பிறந்துவிடாது, விபத்து முன்னறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மரம் நடுவது பொது நன்மைக்கான பணி, அதைச் செய்வோர்மீது பெருஞ்சுமை ஏற்றலாகாது என்ற பொதுநோக்கும் தீர்ப்பில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1999இல் அதே நீதிமன்றம், ஸ்கூட்டரில் சென்றவர்மீது கிளை முறிந்து விழுந்த டெல்லி வழக்கில் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. பட்டுப்போன மரத்தின் அபாயத்தை அறிந்திருந்தாலும், அறிந்திருக்க வேண்டியிருந்தாலும் பொறுப்பு உண்டு என்பதே அங்கு சொல்லப்பட்ட நெறி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி இருந்ததா என்ற வேறுபாடே தெரிகிறது.

இந்த இரு தீர்ப்புகளும் தொடாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது பக்கவேர்கள் வெட்டப்படுகின்றன. நடைபாதைச் சிமெண்டு தூர்வரை பூசப்படுகிறது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி அமைப்புகளுக்கு உத்தரவிட்ட பிறகு, இந்த ஆபத்தை அறியோம் என்று நகராட்சிகள் சொல்வது கடினம். வேரை அறுப்பது செய்யாமை அன்று, செய்கை. மரம் நட்டவருக்கு ராஜ்கோட் தீர்ப்பு காட்டிய பரிவை, பள்ளம் தோண்டியவர் கேட்க முடியாது. தோண்டியது யார், எப்போது என்ற விவரங்கள் நகராட்சிக் கோப்புகளில்தான் உள்ளன. ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்த உண்மையை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இன்றைய 2023 சட்டத்தில் 109ஆம் பிரிவு, இங்கே பொருந்தும் எனலாம். வேர் அறுபட்டிருந்ததை முதலில் காட்டுவது மட்டும் வாதியின் சுமை.

புயலே காரணம் என்ற மறுப்புக்கு வலு உண்டு. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயலில் வேரூன்றிய மரங்களும் வீழ்ந்தன. ஆனால் அதே தெருவில் மற்றவை நிற்க, தோண்டப்பட்ட பக்கத்து மரம் மட்டும் சாய்ந்திருந்தால் காற்றின்மீது பழிபோட இயலாது. நிழலுக்காக மரத்தடியில் காரை நிறுத்தியது உரிமையாளரின் குற்றம் என்பது வாதமே அன்று. தடையில்லாத இடத்தில் நிறுத்துவோர் எவரும் மரம் விழும் என்று எதிர்பார்ப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் பணம் தந்துவிட்டதே என்பதும் அப்படித்தான். தந்த தொகையைத் தவறிழைத்தவரிடம் கோரும் உரிமை அந்நிறுவனத்துக்கு மாறுகிறதே தவிர, தவறு மறைவதில்லை. உயிருக்கே கிடைக்காத இழப்பீடு தகரத்துக்கா என்ற கேள்விதான் மனத்தை உறுத்தும். எனினும் கடமை மீறப்பட்டதா என்பதை இழப்பின் அளவு தீர்மானிப்பதில்லை. ராஜ்கோட்டில் அந்தக் குடும்பம் தோற்றது, மரத்தின் வேரை மாநகராட்சி வெட்டியிருந்தும் அன்று.