வேலியிலே நிற்கும் நஞ்சு

கார்த்திகைப்பூவை வீட்டுத் தோட்டத்தில் நடலாமா என்று மன்னாரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார். இது வெறும் தோட்டக்கலைக் கேள்வி அன்று. இதற்குள் நமது வரலாறும் இருக்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 மலர்களில் முதலிடம் காந்தளுக்கே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. 2003இல் விடுதலைப் புலிகள் அதனைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தனர். கடல் கடந்தால், சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான்.

மன்னார்க் கரையின் பற்றைகளிலும் பெருநிலத்தின் காட்டோரங்களிலும் கோடை முழுவதும் அதன் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். வடகீழ்ப் பருவமழை விழுந்ததும் முளைத்து, இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாக்கி வேலியில் ஏறும். மஞ்சளாய் விரியும் இதழ், நாள் செல்லச் செல்லச் செம்மை கொள்ளும்.

ஆனால் கலப்பை வடிவான அந்தக் கிழங்கு கொடிய நஞ்சு. கொல்கிசின் என்னும் அந்த நஞ்சு இச்செடியில் இருப்பதை 1915இல் ஆய்வாளர்கள் காட்டினர். அதே பொருள்தான் கீல்வாதத்துக்கு மருந்து. கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களின் உழவர்கள் காலைதோறும் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதைகளை ஏற்றுமதிக்காக விளைவிக்கின்றனர்.

இலங்கை மருத்துவ ஏடுகளில் இக்கிழங்கால் நேர்ந்த மரணங்கள் பதிவாகியுள்ளன. உணவுக் கிழங்கென்று எண்ணி அவித்து உண்டவர்களும் அவர்களுள் அடங்குவர். அவித்தாலும் நஞ்சு அழியாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின்னர் எலும்பு மச்சை செயலிழக்கலாம். தப்பியவர்களுக்கும் தலைமயிர் கொட்டும்.

எந்தக் கிழங்கை அகழலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பாட்டி பேரனுக்குக் காட்டிய ஊர்கள் நம்முடையவை. இடப்பெயர்வுகள் குடும்பங்களைச் சிதறடித்தபோது, அந்த அறிவும் பல இடங்களில் கைமாறாமற் போயிருக்கும். பூவின் பெருமையைப் பாடத் தெரிந்த தலைமுறை, அதன் கிழங்கை அறியாதிருப்பது ஆபத்து.

ஆதலால் நண்பருக்கு நான் சொன்னது இதுவே: நடுங்கள், தடையில்லை. வள்ளி, மரவள்ளிப் பாத்திகளுக்கு அருகே மட்டும் வேண்டாம். கிழங்கைக் கையுறை அணிந்து எடுங்கள். ஆடும் குழந்தையும் எட்டாத வேலியோரத்தில் படரவிடுங்கள். அயலவருக்கும் வீட்டுச் சிறுவருக்கும் பூவைக் காட்டும்போதே கிழங்கின் கதையையும் சொல்லுங்கள். யாரேனும் தவறி உண்டால் அறிகுறிக்குக் காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலரைப் போற்றுவோர் அதன் நஞ்சையும் அறிந்திருத்தல் வேண்டும்.